மரத்துப்போன காலும் மார்கழிக் குளிரும்: விழுப்புரம் – திண்டிவனம், 1986

1986 மார்கழியில் விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் போனோம். மகன் முரளிக்கு மூன்று வயது. ஒரு பக்க விரை கீழே இறங்கவில்லை, ஆபரேஷன் வேண்டும் என்றார்கள். குழந்தைகளுக்கான சர்ஜன் சென்னையிலிருந்து சனிக்கிழமைகளில் திண்டிவனம் வரைதான் வருவார். இப்படிக் குழந்தையோடு கிளம்புகிறவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

காலை 5.40 பஸ். 37 கிலோமீட்டர், ஆளுக்கு மூன்று ரூபாய். குழந்தை வெறும் வயிற்றோடு வர வேண்டும் என்பது உத்தரவு. விக்கிரவாண்டியில் அவித்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, கூடை ஜன்னலோரம் வந்ததும் அவன் போட்ட கூச்சலில் பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. என் மனைவி சரோஜாவும் அவனோடு பட்டினி. நான் மட்டும் இறங்கி, பஸ்ஸுக்குப் பின்னால் நின்று டீ குடித்தேன். இன்றுவரை அவளிடம் சொல்லவில்லை.

6.50க்குத் திண்டிவனம். நர்சிங் ஹோம் பத்து நிமிட நடை. கீழ் முதுகில் ஊசி போடுவோம், கால் கொஞ்ச நேரம் மரத்திருக்கும் என்று மயக்க மருந்து டாக்டரம்மா முன்பே சொன்னார். காதில் விழுந்தது, மனதில் ஏறவில்லை.

பத்து மணிக்கு வெளியே கொண்டுவந்தார்கள். அரைத்தூக்கத்தில் இருந்தான். கால்கள் இரண்டும் துவண்டு கிடந்தன.

"ஆட்டவே மாட்டேன்றானே! காலுக்கு ரத்தம் போவுதா இல்லையாங்க?" என்று சரோஜா அவன் தலையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். டீக்கடைக்கு ஓடி, ஒரு பாட்டிலில் கொதிக்கும் தண்ணீர் வாங்கி, துண்டில் சுற்றி அவன் பாதத்தருகே கொண்டுபோனேன். நர்ஸ் பாய்ந்து பிடுங்கினார்.

"இன்னா சார் பண்ணிக்கினு இருக்கீங்க! மரத்த காலு, வெந்து போனாகூட புள்ளைக்குத் தெரியாது!"

சத்தம் கேட்டு டாக்டரம்மா வந்தார். பாட்டில் பிடிக்காத என் கையை இழுத்து முரளியின் பாதத்தில் வைத்தார். என் கைதான் சில்லென்றிருந்தது. பாதம் கதகதவென்று இருந்தது.

"இந்த மருந்துல இடுப்புக்குக் கீழ ரத்தக் குழாய்ங்க தளர்ந்து விரியும். ரத்தம் நல்லாப் பாயுது, அதான் சூடு. கால் அசையக் கொஞ்சம் லேட்டாகும், பயப்படாதீங்க."

11.35க்குப் போர்வையைச் சரிசெய்யக் குனிந்தேன். தாடையில் ஓர் உதை விட்டான். வார்டில் அத்தனை பேர் முன்னால் அழுதேன்.

கிளம்புகிறவர்கள் முதல் பஸ்ஸையே பிடியுங்கள். தொளதொளவென்ற துணி எடுத்துப்போங்கள். திரும்பும்போது பின் சீட்டு வேண்டாம், குலுக்கல் தாங்காது. மரத்த காலுக்குச் சுடுதண்ணீர், ஒத்தடம் எதுவும் கூடாது. சந்தேகம் வந்தால் தொட்டுப் பார்த்துவிட்டு நர்ஸைக் கூப்பிடுங்கள்.

தொடுவதில் என்ன இருக்கிறது என்பீர்கள். அன்று பத்து மணியிலிருந்து பத்தரை வரை அவன் கால்களை நாங்கள் இருவருமே தொடவில்லை. சில்லென்று இருந்துவிடுமோ என்ற பயம்.