தண்ணீர் இருக்கலாம்... இல்லாமலும் இருக்கலாம்

போன ஞாயிற்றுக்கிழமை விசுவமடுவில் ஒரு பாராட்டு விழா. பொதுநோக்கு மண்டபத்தின் வாசலை மறைத்துப் பெரிய பனர் கட்டியிருந்தார்கள். 'வேற்றுக் கிரகத்தில் நீர் கண்ட எம் மண்ணின் மகள்.' அந்த வசனம் என்னுடையது. அது பிழை என்று விழாவுக்கு முதல் நாளே எனக்குத் தெரியும்.

யோகேஸ்வரியைப் பற்றி மூன்று வாரங்களுக்கு முன் இந்தப் பத்திரிகையில் இதே இடத்தில் எழுதியிருந்தேன். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் தூரத்து நட்சத்திரங்களைச் சுற்றும் கிரகங்களை ஆராய்கிற பிள்ளை. விடுமுறையில் ஊருக்கு வந்திருந்தபோது தன் வேலையைப் பற்றிச் சொன்னாள். கடைசியில், "தண்ணியின்ர அடையாளம் மாதிரி ஒண்டு தெரியுது அங்கிள். இன்னும் சரி பாக்கவேணும்" என்றாள்.

நான் முதல் வசனத்தை எழுதினேன். இரண்டாவதை விட்டுவிட்டேன். ஏன்? பத்தியில் இடம் போதவில்லை... என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பிறகு நடந்ததைக் கேளுங்கள். கண்டாவளையிலிருந்து ஒருவர் போன் எடுத்தார். தன் வளவில் கிணறு வெட்ட வேண்டுமாம், அந்தப் பிள்ளை ஒருக்கா வந்து இடம் பார்த்துச் சொல்லுமா என்று கேட்டார். கவட்டுத் தடியைப் பிடித்துக்கொண்டு நடந்து நீரோட்டம் பார்க்கிற ஆட்களைத்தான் நாங்கள் அறிவோம். அவ்வளவு தூரத்துத் தண்ணீரைக் கண்டவளுக்கு வளவுத் தண்ணீர் தெரியாதா? அவர் கேட்டதில் பிழை இல்லை. அவரை அப்படிக் கேட்க வைத்தவன் நான்.

சனிக்கிழமை யோகேஸ்வரி வீட்டுக்கு வந்தாள். முகம் சரியில்லை. விழாவை நிற்பாட்டச் சொன்னாள்.

விஷயம் இதுதான். அந்தக் கிரகத்தை யாரும் நேரே பார்த்ததில்லை. அது தன் நட்சத்திரத்துக்குக் குறுக்கே போகும்போது வெளிச்சம் கொஞ்சம் மங்கும். எவ்வளவு மங்குகிறது என்பதை வைத்துப் பருமனைச் சொல்கிறார்கள். நட்சத்திரத்தை எவ்வளவு ஆட்டுகிறது என்பதை வைத்து எடையைச் சொல்கிறார்கள். ஆனால் உள்ளே என்ன இருக்கிறது? தேங்காயை உடைக்காமல் கையில் தூக்கிப் பார்க்கிற கதைதான். முழுக்கப் பாறையாக இருந்து மேலே பாரம் இல்லாத வாயு போர்த்திருக்கலாம். பாதிக்குப் பாதி தண்ணீராகவும் இருக்கலாம். இரண்டுக்கும் ஒரே எடை, ஒரே பருமன் வரும்.

அதனால்தான் கிரகத்தின் காற்றைப் பார்க்கிறார்கள். நட்சத்திர வெளிச்சத்தில் ஒரு துளி அந்தக் காற்றின் ஓரத்தால் வடிந்து வரும். நீராவி இருந்தால் அந்த வெளிச்சத்தில் சில நிறங்கள் குறையும். யோகேஸ்வரி கண்டது அந்தக் குறைவைத்தான். இரண்டு வருட உழைப்பு.

"அது கிரகத்தின்ர தண்ணி இல்லாமலும் இருக்கலாம் அங்கிள். இது சூடு குறைஞ்ச நட்சத்திரம். அதில இருக்கிற கறுப்புப் புள்ளியளுக்கையும் நீராவி இருக்கும். ரெண்டையும் பிரிச்சுப் பாக்க எனக்கு இன்னும் ஏலாமக் கிடக்கு."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? எழுதவே வெட்கமாக இருக்கிறது. பனர் அடித்தாயிற்று, பொன்னாடை வாங்கியாயிற்று, விழா முடியட்டும், ஆறுதலாகச் சொல்லலாம் என்றேன். விசுவமடுவில் யார் போய்ச் சரி பார்க்கப் போகிறார்கள்?

அவள் போக எழும்பினாள். பிறகு, "அப்பா முன்னுக்கு இருப்பார் அங்கிள்" என்றாள்.

அவளுடைய அப்பா மாரிமுத்து கிணறு வெட்டுகிறவர். இளந்தாரியாக மலைநாட்டிலிருந்து வந்து நாற்பது வருடமாக எங்கள் பகுதியில் குடியிருக்கிறார். பாதி ஊர் குடிப்பது அவர் வெட்டிய கிணற்றுத் தண்ணீர். ஆனால் தோட்டத்து ஆள் என்று ஊர் ஒதுக்கியே வைத்திருந்த அவருக்கு, விழாவில் முதன்முதலாக முன்வரிசைக் கதிரை கிடைத்தது ஞாயிற்றுக்கிழமைதான். இதை எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது. என் மேலும்தான். இத்தனை வருடத்தில் நானும் அவருக்கு ஒரு கதிரை இழுத்துப் போட்டதில்லை.

மகள் உண்மையைச் சொன்னால் அந்தக் கதிரை என்னாகும்? அவள் பயம் அதுதான். சொல்லாமல் விட்டால் அந்த மனிதரைப் பொய்யின் மேல் இருத்தியதாகிவிடும்.

விளக்கேற்றினார்கள், நால்வர் பேசினார்கள், நாலு பேரும் தண்ணீரைப் பற்றியே பேசினார்கள். யோகேஸ்வரி மைக்கைப் பிடித்து, எனக்குச் சொன்னதை அப்படியே சொன்னாள். தண்ணீர் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், இப்போதைக்குத் தெரியாது. எனக்கு எதிராக ஒரு சொல் சொல்லவில்லை.

மாதர் சங்கத் தலைவி பொன்னாடையைக் கையில் வைத்துக்கொண்டு, போர்ப்பதா விடுவதா என்று தெரியாமல் நின்றார். பின்னால் யாரோ சிரித்தார்கள்.

மாரிமுத்து எழும்பினார். புது வேட்டி, புதுச் சேட். மைக் இல்லாமலே பேசினார்.

"நாப்பது வருசமா தடி வச்சுக் காட்டின எடத்தில எல்லாம் நான் வெட்டியிருக்கேங்க. எத்தனையோ கிணத்தில கல்லுதான் வந்திச்சு. தண்ணி இல்லாமலும் போகலாம்னு வெட்டுறதுக்கு முன்னாடி சொன்ன ஆளு, எம் மக ஒருத்திதான்."

சொல்லிவிட்டு உட்கார்ந்தார், அதே முன்வரிசைக் கதிரையில்.

முதலில் கை தட்டியவர்கள், கிணறு வெட்டிக் கல்லைக் கண்டவர்கள். இந்த ஊரில் அவர்கள் தொகை குறைவில்லை. பொன்னாடை போர்த்தப்பட்டது.

யோகேஸ்வரி திரும்பிப் போய்விட்டாள். புள்ளிகளையும் கிரகத்தையும் பிரிக்க இன்னும் ஒரு வருடமாவது பிடிக்குமாம். முடிவில் வெறும் பாறையென்றும் வரலாம். வரட்டும்.

பனரை நான் கேட்டு வாங்கி வந்துவிட்டேன். இப்போது என் மாட்டுக் கொட்டிலுக்கு அதுதான் கூரை. நேற்று நல்ல மழை... அதற்குக் கீழே ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை — இதை மட்டும் நான் போய்ப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.