ஜெயசீலி மேடத்தின் பத்து நிமிடங்கள்

சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, முதல் ஷிப்டின் டீ இடைவேளையில் இன்ஸ்பெக்‌ஷன் பிரிவிலிருந்து இசக்கிமுத்து என்னைத் தேடி வந்தான். அவன் வருவதற்கு முன்னால் அவனுடைய கிண்டல் வந்துவிடும். அன்று வரவில்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

"அண்ணாச்சி, ஜெயசீலி மேடம் போயிட்டாவ. காலையிலதானாம். அவுக வீட்டு சார் போன் பண்ணுனாரு."

"எந்த ஜெயசீலி?" என்று கேட்டேன். எங்கள் கம்பெனிக்கு ஒரே ஒரு ஜெயசீலிதான். தெரிந்துகொண்டேதான் கேட்டேன். சங்கடமான எதையும் இரண்டு நிமிடம் தள்ளிப்போடுவது என் பிறவிக் குணம். இந்த மனுஷி விஷயத்தில் அதை வருஷக்கணக்கில் செய்திருக்கிறேன்.

முப்பதாம் நாள் ஜெபக் கூட்டத்துக்கு ஒரு சிறு நினைவு மலர் போடுகிறோம், நீங்கள் இரண்டு வார்த்தை எழுதித் தாருங்கள் என்று அவருடைய கணவர் கேட்டார். எழுதுகிறேன். இரண்டு வார்த்தையில் முடியாது. அந்த இரண்டும் நல்ல வார்த்தைகளாக இருக்கும் என்றும் சொல்ல முடியாது.

சர்ச்சிலும் தெருவிலும் மேடத்தை அறிந்தவர்களுக்கு, அவர் தினமும் சிங்கப்பெருமாள் கோவிலில் ஷேர் ஆட்டோ பிடித்து ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனிக்குப் போய்வந்தார் என்பது தெரியும். அங்கே என்ன செய்தார் என்பது தெரிந்திருக்காது. எங்களுடையது பிரஸ் ஷாப். இரும்புத் தகட்டைப் பிரஸ்ஸில் வைத்து அடித்து, கார் சீட்டுக்கு வேண்டிய பாகங்கள் (எங்கள் பேச்சில் 'பீஸ்') செய்கிற இடம். நான் அங்கே இரண்டாவது லைன் சூப்பர்வைசர். மேடம் பர்சனல் டிபார்ட்மென்ட். ஆட்கள் ஒருவரோடு ஒருவர் எப்படிப் பேசுவது, கோபம் வந்தால் என்ன செய்வது என்று சொல்லிக்கொடுக்க அவரைப் போட்டிருந்தார்கள். ஆபீசில் அதற்கு நீளமாக ஓர் ஆங்கிலப் பெயர் இருந்தது. நாங்கள் வைத்த பெயர் 'வாய்ப் பயிற்சி'.

மற்ற டிரெய்னர்கள் வந்தால் ஏ.சி. அறையில் படம் காட்டுவார்கள், பாதி பேர் தூங்குவோம். மேடம் காதில் பஞ்சை வைத்துக்கொண்டு நேராக லைனுக்கு வந்து ஒரு வாரம் சும்மா நின்றார். ஷிப்ட் மாறும்போது என்ன நடக்கிறது என்று பார்த்தார். என்ன நடக்கும்? போகிறவன் கையை ஆட்டிவிட்டு பஸ்ஸுக்கு ஓடுவான். வருகிறவன் மிஷினில் கை வைப்பான். எட்டு எட்டு மணி நேரமாக ஒரே மிஷினைப் பங்குபோடும் இரண்டு பேர், வருஷக்கணக்கில் ஒருவர் முகத்தை ஒருவர் சரியாகப் பார்த்தது கிடையாது.

பஸ் கிளம்புவதற்கு முன் பத்து நிமிடம் வேண்டும் என்று மேலே பேசி வாங்கினார். போகிறவரும் வருகிறவரும் மிஷின் முன்னால் எதிரெதிரே நிற்க வேண்டும். வருகிறவர் மூன்று கேள்வி கேட்க வேண்டும். மிஷின் எப்படி? பீஸ் எப்படி? நீ எப்படி? இவற்றைக் கையகல அட்டையில் எழுதி, லேமினேட் செய்து ஆளுக்கொன்று கொடுத்தார்.

முதல் நாள் எங்கள் ஏகாம்பரம் படுத்திய பாடு கொஞ்சமல்ல. வடக்குப்பட்டுக்காரன், நாலாம் நம்பர் பிரஸ்ஸை முதல் ஷிப்டில் ஓட்டுபவன். "இன்னா மேடம் இது, பொண்ணு பாக்க வந்தா மாரி நிக்க வெச்சிட்டீங்கோ? எங்கூட்டுக்காரிய கூட நான் இப்டி நின்னு விசாரிச்சது கெடயாது" என்றான். லைனே சிரித்தது. மேடமும் சிரித்தார். பிறகு, "அவங்களையும் இன்னிக்குப் போய்க் கேளுங்க ஏகாம்பரம். நாளைக்கு என்ன பதில் வந்துச்சுன்னு சொல்லுங்க" என்றார். மறுநாள் ஏகாம்பரம் மேடம் நின்ற பக்கமே தலைகாட்டவில்லை. என்ன பதில் வந்தது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

அந்த மூன்றாவது கேள்வியை நானும் நக்கலாகத்தான் பார்த்தேன். ஒரு நாள் இசக்கிமுத்து பிரஸ்ஸில் டை என்கிற அச்சை மாட்டத் தாமதித்தான் என்று லைனே திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன். அப்போது அவன் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. நாலாம் நம்பரில் இரண்டாவது ஷிப்ட். "ஊருக்குப் போய் மாடு மேய்டா" என்றுவிட்டேன். எங்கிருந்தோ மேடம் வந்தார். என்னைக் கண்டிக்கவில்லை. "தணிகாசலம் சார், நீங்க எப்படி இருக்கீங்க?" என்று கேட்டுவிட்டுக் கைகளைக் கட்டிக்கொண்டு, கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையைப் பார்த்தபடி நின்றார்.

அவர் அப்படித்தான் நிற்பார். எவ்வளவு நேரம் ஆனாலும் நிற்பார். அந்த அமைதியைத் தாங்கிக்கொண்டவர்கள் யாரும் இல்லை. வாலாஜாபாத்தில் எங்கள் நிலத்தை ஏதோ ஒரு கம்பெனிக்குக் கொடுப்பதா வேண்டாமா என்று அன்று காலை அண்ணனோடு கைகலப்பு வரை போனதையும், சாப்பிடாமல் கிளம்பி வந்ததையும் சொல்லிவிட்டேன். எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

"இதுல அவன் என்ன சார் பண்ணான்?" என்று மட்டும் கேட்டார்.

மறுநாள் ஷிப்ட் மாறும்போது இசக்கிமுத்துவிடம் விஷயத்தைச் சொன்னேன். அவன் யோசித்துவிட்டு, "அதுக்கென்ன, ஏசுனா ஏசிட்டுப் போங்க அண்ணாச்சி. ஆனா மாடு மேய்க்கது லேசுப்பட்ட வேலைன்னு மட்டும் நெனைக்காதிய" என்றான். கம்பெனியே என்னை சார் என்று கூப்பிட, அவன் மட்டும் அண்ணாச்சி என்று கூப்பிடுவது அன்று தொடங்கியது.

மேடம் சொன்ன இரண்டு விஷயங்களை இங்கே எழுதியாக வேண்டும். பேச்சு வராத ஒருவனுக்காகப் பக்கத்தில் இருப்பவன் முந்திக்கொண்டு பேசினால் தடுத்துவிடுவார். "அவர் சொல்ல வேண்டியதை நீங்க எடுத்துச் சொல்லாதீங்க. அவர் வாயாலதான் வரணும். நாம காத்திருக்கலாம்" என்பார். இன்னொன்று, எங்களைப் போன்ற சூப்பர்வைசர்களுக்குச் சொன்னது. பத்து நிமிடம் நடந்ததற்கு அடையாளமாக எல்லோரும் கையெழுத்துப் போட ஒரு ரிஜிஸ்டர் உண்டு. "நடக்காத நாள்னா கட்டம் காலியா இருக்கட்டும் சார். காலியா இருந்தா ஏன்னு கேக்கலாம். நிரம்பியிருந்தா யாரும் எதையும் கேக்க முடியாது."

அடுத்த வருஷம் புது ஷெட்டுக்கு ஆள் எடுக்கும் வேலைக்கு மேடத்தை ஒரு மாதம் அனுப்பினார்கள். போகும் முன் ஒவ்வொரு லைன் சூப்பர்வைசரையும் தனியாகப் பார்த்து, நான் இல்லாவிட்டாலும் பத்து நிமிடத்தை விட்டுவிடாதீர்கள் என்று சொல்லி ரிஜிஸ்டரை எங்கள் கையில் கொடுத்துவிட்டுப் போனார். இரண்டு நாள் நடத்தினேன். மூன்றாம் நாள் ஆர்டர் நெருக்கியது. பத்து நிமிடத்தில் ஆறு பிரஸ்ஸும் எத்தனை அடி அடிக்கும் என்பது ஒரு சூப்பர்வைசருக்கு மனப்பாடம். "அப்புறம் பாத்துக்கலாம், மிஷின்ல நில்லுங்க" என்றேன். அந்த அப்புறம் அந்த மாதத்தில் வரவே இல்லை. ஏன் நிறுத்தினோம் என்று ஆட்களிடம் நான் சொல்லவும் இல்லை.

மாதக் கடைசியில் ஒரு நாள். நாலாம் நம்பர் பிரஸ் ஒரு முறை பட்டனை அழுத்தினால் இரண்டு முறை இறங்கத் தொடங்கியிருந்தது. எப்போதாவதுதான், எல்லா அடியிலும் இல்லை. ஏகாம்பரம் காலையில் இரண்டு தடவை அதைப் பார்த்தான். என்னிடம் சொல்ல வந்தபோது நான் டெலிபோனில் யாரோடோ கத்திக்கொண்டிருந்தேனாம். இரண்டரை மணிக்குக் கையை ஆட்டிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினான். இசக்கிமுத்து வந்து மிஷினில் கை வைத்தான். பீஸை எடுக்கக் கையை நீட்டியபோது பிரஸ் இரண்டாம் முறை இறங்கியது. இடது கையின் ஆள்காட்டி விரல் பாதி போய்விட்டது.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியதும் மேனேஜர் ரிஜிஸ்டரைக் காலையில் கொண்டுவரச் சொன்னார். அன்று மாலை கேன்டீன் மூலையில் மூன்று பேனாக்களோடு உட்கார்ந்து, அந்த மாதத்துக் காலிக் கட்டங்கள் அத்தனையிலும் கையெழுத்துப் போட்டேன். ஏகாம்பரம் கோழி கிறுக்குவதைப் போலப் போடுவான், அதையும் போட்டேன்.  வேலை போய்விடும் என்ற ஒரே பயம்தான் இருந்தது. ஆஸ்பத்திரியில் கிடந்தவனின் பெயருக்கு நேராகவும், அன்றைய தேதி வரை, சரசரவென்று போட்டு முடித்தேன்.

அவசரத்தில் ஒன்றை மறந்துவிட்டேன். அந்த மாதம் இசக்கிமுத்து ஊரில் அம்மன் கோவில் கொடைத் திருவிழாவுக்கு நாலு நாள் லீவில் போயிருந்தான். அந்த நாலு நாளும் அவன் கையெழுத்து இருந்தது.

மறுநாள் மேனேஜர் அறையில் நானும், புது ஷெட்டிலிருந்து வரவழைக்கப்பட்ட மேடமும் மட்டும் நின்றோம். மேனேஜர் ரிஜிஸ்டரைப் புரட்டிவிட்டு, "மாசம் பூரா எல்லாரும் கையெழுத்துப் போட்டிருக்காங்க. இவ்வளவு பேசப் பழக்கியும், மிஷின் கெட்டதை ஒருத்தன் ஒருத்தன்கிட்ட சொல்லலேன்னா, அந்தப் பயிற்சி எதுக்கு மேடம்?" என்றார். மேடம் ரிஜிஸ்டரை வாங்கிப் பார்த்தார். கொடை நாட்கள் இருந்த பக்கத்தில் அவர் விரல் நின்றது. இசக்கிமுத்து ஊரிலிருந்து கொண்டுவந்த கருப்பட்டி மிட்டாயில் அவருக்கும் ஒரு பொட்டலம் போயிருந்தது. அவன் எப்போது போனான், எப்போது வந்தான் என்று அவருக்கு நன்றாகத் தெரியும்.

நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு கைகளைக் கட்டிக்கொண்டு அடையாள அட்டையைக் குனிந்து பார்த்தார்.

காத்திருக்கிறார் என்று எனக்குப் புரிந்தது. நான் மேஜைமேல் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு நிமிடம் இருக்கலாம், கூடவும் இருக்கலாம். அவர் ரிஜிஸ்டரை மூடி மேஜையில் வைத்து, "சரி சார்" என்றார்.

அந்த வாரமே பயிற்சியை நிறுத்திவிட்டார்கள். கை ஆறி வந்த இசக்கிமுத்துவை இன்ஸ்பெக்‌ஷனுக்கு மாற்றினார்கள். மேடத்துக்கு யூனிஃபார்ம், கேன்டீன் கூப்பன் பார்க்கும் வேலை. இரண்டு வருஷம் அதைப் பார்த்துவிட்டு, ஊரிலேயே ஒரு பள்ளிக்கூட ஆபீசுக்குப் போய்விட்டார். பிறகு நோய் வந்தது என்று கேள்விப்பட்டேன். போய்ப் பார்க்கவில்லை.

கடைசியாகப் பார்த்தது சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனில். சென்ற வருஷம் தாம்பரம் போக நின்றிருந்தேன். தலையில் துணி கட்டிக்கொண்டு, பாதியாக இளைத்துப்போய் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர் கூப்பிட்ட பிறகுதான் அடையாளம் தெரிந்தது.

"நாலாம் நம்பர் எப்படி இருக்கு சார்?"

"கிளட்ச் மாத்தி நல்லா ஓடுது மேடம்."

"பீஸ்?"

"ரிஜெக்‌ஷன் கம்மிதான் மேடம்."

"நீங்க எப்படி இருக்கீங்க?"

"நல்லா இருக்கேன் மேடம்" என்றேன். அவர் கைகளைக் கட்டிக்கொண்டார். இப்போது பார்ப்பதற்குக் கழுத்தில் அட்டை இல்லை. தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சொல்லிவிடலாம் என்று பெஞ்சில் உட்காரப் போனேன். அதற்குள் தாம்பரம் வண்டி வந்துவிட்டது. நான் ஓடிப்போய் ஏறிக்கொண்டேன். அடுத்த வண்டியில் போயிருக்கலாம். அன்று தாம்பரத்தில் எனக்கு அப்படி ஒன்றும் தலைபோகிற வேலை இல்லை.

அடக்கத்துக்கு நாங்கள் மூவரும் சேர்ந்துதான் போனோம். வீட்டு வாசலில் நிற்கும்போது ஏகாம்பரம் மெதுவாகச் சொன்னான்: "தங்கமான மனுசி சார். அந்த ஒரு மாசம் மட்டும் அந்தப் பத்து நிமிசத்த வுடாம இருந்திருந்தாங்கன்னா இவன் வெரலு போயிருக்காது. புது ஆள் எடுக்கப் போயி நம்மள மறந்துட்டாங்கோ. இன்னா பண்றது, மனுசங்கதான."

இசக்கிமுத்து இடது கையைப் பின்னால் மறைத்துக் கட்டிக்கொண்டு நின்றான். மேலே இருப்பவர்கள் மேடத்தின் பயிற்சி தோற்றது என்று நினைத்தார்கள் என்பது எனக்குத் தெரியும். கீழே இருப்பவர்கள் இத்தனை வருஷமாக மேடம் தங்களை மறந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள் என்பது அன்றுதான் தெரிந்தது. உள்ளே பெட்டியில் அவர் படுத்திருக்கிறார். பத்தடி தூரத்தில் அவர்மேல் இந்தப் பழி. அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை.

இதை மேடத்தின் கணவருக்குக் கொடுப்பதற்கு முன்னால், போன வாரம், ஷிப்ட் மாறும் நேரத்தில் இருவரையும் நாலாம் நம்பர் பிரஸ் முன்னால் நிற்க வைத்தேன். ஏகாம்பரம் பழைய நினைப்பில் சிரித்தான். "பத்து நிமிசத்த வுட்டது மேடம் இல்ல. நான்தான். ரிஜிஸ்டர்ல உங்க ரெண்டு பேர் கையெழுத்தையும் போட்டதும் நான்தான். மேடத்துக்கு அது தெரியும்" என்றேன். ஏகாம்பரம் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு பஸ்ஸுக்குப் போய்விட்டான். இன்றுவரை என்னோடு பேசவில்லை. அது நியாயம்தான்.

இசக்கிமுத்து போகவில்லை. அரை விரலோடு இருந்த கையால் தொப்பியைச் சரிசெய்துகொண்டு நின்றான். என்னை மன்னித்தானா என்று நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. கடைசியில், "நீங்க எப்படி இருக்கிய அண்ணாச்சி?" என்று கேட்டுவிட்டுக் கைகளைக் கட்டிக்கொண்டு தரையைப் பார்த்தான்.

மேடத்திடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது ஓரம் பிரிந்துபோன அந்தக் கையகல அட்டையும், அவர் காத்துக்கொண்டு நின்ற அந்த ஒரு நிமிடமும்தான். நான் சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்து மூன்றாவது வரியைப் பார்த்தேன்.

"நல்லா இல்லடா" என்றேன்.