நான்கு சரணத்துக்கும் ஒரே மெட்டு

என் மனைவி எழுதி மெட்டமைத்த கீர்த்தனை ஒன்றே ஒன்றுதான். ஒரு பல்லவி, நான்கு சரணம். அறுப்பின் பண்டிகையில் எங்கள் ஆலயப் பாடகர் குழு அதைப் பாடவேண்டும் என்பது அவள் ஆசை. அதற்கு முன்பே தஞ்சாவூரில் அவளுக்கு அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்துவிட்டார்கள். குரல்வளையை எடுத்தாக வேண்டும். எங்களுக்கு மிச்சமிருந்தது பத்தொன்பது நாள்.

அவளுக்குச் சுரம் எழுதத் தெரியாது. இசைக்குறிப்பு அச்சிடும் மென்பொருளை நான் ஓய்வுபெற்றபின் கற்றிருந்தேன். ஒவ்வொரு சுரத்தின் கீழும் ஓர் அசையைத் தட்டி, சிறு கோடு போட்டு, அடுத்ததற்கு நகரவேண்டும். அவள் பாடப் பாட முதல் சரணத்தை முடித்தேன், அறுபத்துநான்கு அசை. மற்ற மூன்றையும் பாமாலைப் புத்தகத்தில் இருப்பதுபோல அதே மெட்டுக்கு அடியில் அடுக்கினேன். வரிகள் முட்டிக்கொண்டன. எழுத்தின் அளவைப் பன்னிரண்டிலிருந்து ஒன்பதாக்கினேன்.

“மூணாவது இப்படி வராதுங்க. பதர்னு வர்ற இடத்துல கீழ இறங்கி இழுக்கணும்” என்றாள்.

“எத்தனை மாத்திரை?”

“எண்ணிக்கிட்டா பாடுவாங்க? கணக்கு வாத்தியாரைக் கட்டினது என் தப்பு. போன்ல பாடிடறேன், பிடிச்சு வைங்க.”

“போன் எதுக்கு? தாள்ல வந்துட்டா போதும். தொண்டையைக் கெடுத்துக்காத.”

மூன்றாவது சரணத்துக்குத் தனி மெட்டு எழுதினால் இன்னொரு தாள் வேண்டும். ஒரே தாளில் முன்னும் பின்னும் முடிப்பது என் கணக்கு. மூன்றாவதில் ஐந்து அசை மிஞ்சியது. ஒரு சுரத்துக்கு இரண்டாகத் திணித்தேன்.

பண்டிகையன்று பீடத்தின் முன் கதிர்க்கட்டும் வாழைத்தாரும் பூசணியும் ஏலத்துக்குக் காத்திருந்தன. இருபத்திரண்டு பேர் என் தாளைப் பார்த்துப் பாடினார்கள். ஒருவரும் பிசகவில்லை. மூன்றாவது சரணம் முதல் சரணத்தைப் போலவே துள்ளிக்கொண்டு போனது. கழுத்தில் துணி சுற்றி என் பக்கத்தில் இருந்தவள் நோட்டில் எழுதிக் காட்டினாள்: “அது என்னோடது இல்ல.”

மறுநாள் அவளைக் கம்ப்யூட்டர் முன் உட்காரவைத்தேன். எங்கே இறங்கவேண்டும் என்று கையைத் தாழ்த்திக் காட்டினாள். சுரத்தை இறக்கி ஒலிக்கவிட்டேன். இல்லை என்றாள் தலையால். நீட்டினேன், குறைத்தேன், அசையைப் பின்னுக்குத் தள்ளினேன். முப்பது முறையும் ‘இல்லை’தான். மத்தியானச் சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது. எனக்குச் சர்க்கரை உண்டு.

முப்பத்தொன்றாவது முறை, ஒலி முடிவதற்கு முன்பே, சரி என்று தலையாட்டிவிட்டு எழுந்து சோறு போடப் போனாள்.