திரும்பிப் பார்க்காத சுருக்கி

வனத்துறையில் மோப்ப நாய் வைத்திருந்தவருக்கு வாய் கொஞ்சம் நீளம். "நான் சும்மா வாரைப் பிடிக்கிறவன்தாங்க. வழி அவளுக்குத்தான் தெரியும்" என்று போகிற இடமெல்லாம் அளப்பார்.

'அவள்' என்றால் சுருக்கி. ஜெர்மன்காரர்களின் ஹனோவர் இனம். செம்பழுப்பு உடம்பு, தாடைக்குக் கீழே தொங்கும் காதுகள், ஊர்க் கவலையெல்லாம் தன் தலையில் விழுந்ததுபோல் நெற்றி நிறையச் சுருக்கம். அடிபட்ட விலங்கின் தடத்தை, நீளமான தோல்வாரின் முனையில், பதறாமல் முகர்ந்து போய்க் கண்டுபிடிப்பதற்கென்றே வளர்த்த இனம். தடத்தில் இறங்கிவிட்டால் திரும்பியே பார்க்காது. அதட்டினால் மட்டும் மனசு விட்டுப்போகும்.

மழையில் நனைந்து வந்தால் அவர் மனைவி முதலில் சுருக்கியின் காதைத் தூக்கி உள்ஈரத்தைத் துடைப்பார். விட்டால் சீழ் வைத்துவிடும்.

"நானும்தான் நனைஞ்சு வந்திருக்கேன்!"

"உங்களுக்குக் கை இருக்குல்ல?"

ஒருநாள் சாலை வளைவில் லாரி மோதி ஒரு மான் கால் ஒடிந்து காட்டுக்குள் ஓடிவிட்டது. இருட்டுவதற்குள் கண்டுபிடித்தால் பிழைக்க வைக்கலாம். சுருக்கி வலப்பக்கம் கொஞ்ச தூரம் போனாள், வந்த வழியே திரும்பினாள், இடப்பக்கம் ஓடையை நோக்கி இறங்கினாள்.

"என்னங்க, ரத்தம் வலது பக்கம் கிடக்கு, உங்க நாய் அந்தப் பக்கம் போகுது?" என்றார் அதிகாரி.

"தண்ணி தாகமா இருக்கும் சார்!" என்றான் லாரிக்காரன். கூட வந்திருந்த கூட்டம் கொல்லென்று சிரித்தது.

அடிபட்ட மான் போன தடத்திலேயே திரும்பி வந்து வேறு பக்கம் தாவும் என்று ஊருக்கெல்லாம் பாடம் எடுத்தவரே இவர்தான். ஆனால் நாலு பேர் சிரித்ததும் புத்தி மழுங்கிவிட்டது, பாவி மனுஷனுக்கு! வாரைச் சுண்டினார். அவள் காலை ஊன்றி நின்றாள். "வா இங்க, சனியனே!" என்று தரதரவென்று வலப்பக்கம் இழுத்தார். வாலை ஒடுக்கிக்கொண்டு பின்னால் வந்தாள்.

பொழுது சாய்ந்தும் ஒன்றும் அகப்படவில்லை.

"வயசாயிடுச்சோ?" என்றார் அதிகாரி.

"ஆமா சார், மூக்கு மந்தமாயிடுச்சு" என்றார், கூசாமல்.

மறுநாள் காலை ஓடையோரப் புதரில் மான் செத்துக் கிடந்தது. சுற்றிலும் மண் குளம்பால் கீறப்பட்டிருந்தது. உடனே சாகவில்லை, வெகுநேரம் துடித்திருக்கிறது. அவருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. சுருக்கியை வேலையிலிருந்து எடுத்துவிடலாம் என்று அதிகாரி பேச்செடுத்தபோது, "அவ சரியாத்தான் சார் போனா. நான்தான் இழுத்தேன். மூக்கு மந்தம்னு சொன்னதும் பொய்" என்றார். தலை நிமிரவில்லை.

"சரி, விடுங்க. அடுத்த தடவை பாத்துக்கலாம்" என்று அதிகாரி போய்விட்டார். வைதிருந்தால்கூடத் தேவலை.

வீட்டில் மனைவியிடமும் சொன்னார். அந்த அம்மா சுருக்கியின் காதைத் துடைத்தபடி, "எங்ககிட்ட ஒப்புக்கிட்டு என்ன பண்றது? இழுபட்டது இவதானே" என்றார்.

சில வாரம் கழித்து ஒரு காட்டுப்பன்றி அடிபட்டது. சுருக்கி நன்றாகத்தான் கிளம்பினாள். வழி பிரியும் இடத்தில் மூக்கு இடப்பக்கம் போயிற்று, ஒரு கால் எழுந்தது. அப்படியே நின்றுவிட்டாள்.

திரும்பி அவர் கையைப் பார்த்தாள்.

அவர் வாரைக் கீழே போட்டார். "நீ போடி கண்ணு... நீ சொல்ற வழிதான்" என்றார்.

அவள் போகவில்லை. எந்தப் பக்கம் இழுக்கப்போகிறாரோ என்று அந்த வெறுங்கையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.