ஏழுமலை அண்ணனின் செல்கள்

காலையில் ஆய்வுக்கூடத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது கைப்பேசி அடித்தது. கீழ்பென்னாத்தூரிலிருந்து ஏழுமலை அண்ணனின் மனைவி சரோஜா அண்ணி. "அவரு போயிட்டாரும்மா" என்றார். நான் பதில் சொல்வதற்குள் குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "உங்க லேப்புல வச்சிருக்கீங்களே, அது இன்னும் உயிரோடதான் இருக்குதா?"

"இருக்கு அண்ணி."

"கொன்னுடும்மா அத." வைத்துவிட்டார்.

நம் ஆய்வுக்கூடத்தில் ஏழுமலை அண்ணனைப் பார்த்தவர்கள் சிலர்தான். மற்றவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். கீழ்பென்னாத்தூருக்கும் திருவண்ணாமலைக்கும் இடையே வேன் ஓட்டியவர் அவர். ஒரு பௌர்ணமி மாலை, அண்ணியைப் பக்கத்தில் உட்காரவைத்து திருவண்ணாமலைக்குள் நுழையும்போது வேன் இடது ஓரத்துக்குச் சாய்ந்திருக்கிறது. அண்ணி அலறிய பிறகே பிரேக்கை மிதித்தார். அங்கே கிரிவலத்துக்கு வந்த கூட்டம் நடந்துகொண்டிருந்தது. யாருக்கும் அடியில்லை. "அந்தப் பக்கம் ஆளே இல்லம்மா. ரோடே இல்ல" என்று பின்னாளில் என்னிடம் சொன்னார். அன்று சாவியை அண்ணியிடம் கொடுத்தவர் மறுபடி ஸ்டீயரிங்கைத் தொடவில்லை.

ஸ்கேனில், இடப்பக்கத்தைக் கவனிக்கவைக்கும் மூளையின் வலப்பாதியில் கட்டி தெரிந்தது. அறுவை சிகிச்சையில் எடுத்ததில் ஒரு துண்டை, அவர் சம்மதத்துடன், சென்னையில் நம் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார்கள். இந்தக் கட்டியின் செல்கள் இருந்த இடத்தில் இராமல் நல்ல மூளைக்குள் ஏன் ஊர்ந்து போகின்றன, எந்த மருந்து அவற்றைத் தடுக்கும் என்று பார்ப்பதுதானே நம் வேலை. தன்னிடமிருந்து எடுத்ததைத் தானும் பார்க்க வேண்டும் என்று அண்ணன் டாக்டரை விடாமல் கேட்டார். எனக்குச் சொந்த ஊர் திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்கால். ஊர்க்காரி என்பதால் என்னிடம் அனுப்பினார்கள்.

அண்ணி கூடவே வந்தார், ஆனால் வாசலைத் தாண்டவில்லை. அந்தத் துண்டின் செல்களை வளர்த்து, நாங்கள் நுண்ணோக்கியில் எடுத்திருந்த படங்களைத் திரையில் வேகமாக ஓட்டினேன். ஒரு செல் மெல்லிய கை ஒன்றை நீட்டித் தடவியது. பிறகு உடம்பை இழுத்துக்கொண்டு முன்னே போனது. அண்ணன் மேசையைப் பிடித்துக்கொண்டார். சட்டை வியர்வையில் நனைந்திருந்தது.

"இதுக்கு நான் யாருன்னு தெரியுமா?"

"தெரியாதுண்ணா."

"மிச்சம் இருக்கறது, உள்ள இப்ப இப்படித்தான் போவுதா?"

எல்லாவற்றையும் எடுக்க முடியாது என்று டாக்டர் அவரிடம் சொல்லியிருந்தார். ஆமாம் என்று தலையசைத்தேன். "நிறுத்திடட்டுமா?" என்று கேட்டேன்.

"வேணாம், ஓட்டு. பயம் ஜாஸ்தியாத்தான் இருக்குது. ஆனா பாக்காம வீட்டுல படுத்துனு பயப்படறேனே, அதுக்கு இது கம்மி." கிளம்பும்போது சொன்னார்: "நான் இல்லன்னாலும் இத விட்டுடாத. எந்த மருந்துக்கு அடங்குதுன்னு பாத்துடு."

இறந்த செய்தி வந்த அன்று, செல்களை வளர்க்கும் இன்குபேட்டர் முன் நின்றேன். ஊரில் அவர் உடம்பு சில்லிட்டுக் கிடக்கிறது. இந்தக் கதவுக்குப் பின்னால், உடம்புச் சூட்டில், அவருடையது பிரிந்து பெருகிக்கொண்டிருக்கிறது. இதில் அதிசயம் ஒன்றுமில்லை என்று படித்தவள்தான் நான். ஆனாலும் கைப்பிடியைத் தொட என் கை வரவில்லை.

காரியம் முடிந்ததும் கீழ்பென்னாத்தூர் போனேன். அண்ணன் திரை முன் பயந்ததையும், விட்டுடாதே என்றதையும் அண்ணியிடம் சொன்னேன். "உங்களுக்கு வேணாம்னா நிறுத்திடறோம் அண்ணி."

"அவரையே தின்னுச்சு அது. அதுக்குப் போயி தீனி போட்டு வளக்கறீங்களே!"

"ஆமா அண்ணி."

அண்ணி எனக்கு எதிரே வந்து உட்கார்ந்தார். பிறகு, "என்கிட்ட ஒரு நாளும் பயம்னு சொன்னதில்ல" என்றார். முகத்தைத் துடைத்துக்கொண்டார். "சரி, இருக்கட்டும். எதுக்கு அடங்குதுன்னு தெரிஞ்சா மொதல்ல என்கிட்ட வந்து சொல்லு."

இன்னும் தெரியவில்லை. இத்தனை வருட வேலையில் அந்தக் கதவை யோசிக்காமலே திறந்திருக்கிறேன். இப்போது ஒவ்வொரு முறையும் கைப்பிடியில் கை வைத்ததும் பயம் வருகிறது. ஏழுமலை அண்ணனிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்தப் பயம்தான். இது பழகிவிடக் கூடாது என்று நினைத்துக்கொண்டே திறக்கிறேன்.