அமரர் ஊர்தி நின்ற தெரு

மரியசெல்வம் அந்த வேனை வாங்கியது பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றுவதற்காக. புதுக்கோட்டையிலிருந்து ஆலங்குடி போகிற சாலையில், டவுன் முடிகிற இடத்தில் இருக்கும் பாரி நகர் மூன்றாம் தெருவில் அவருக்கு வீடு. சின்ன மனை. வீட்டைக் கட்டியதுபோக ஒரு மோட்டார் சைக்கிள் நிறுத்தத்தான் உள்ளே இடம் மிஞ்சியது. அதனால் வேன் எப்போதும் தெருவில், அவர் வீட்டுச் சுவரை ஒட்டி நிற்கும். காலையில் தெருப் பிள்ளைகள் சன்னலோர இடத்துக்குச் சண்டை போட்டுக்கொண்டு ஏறுவார்கள். அப்போது அது யாருக்கும் இடைஞ்சலாக இருந்ததில்லை.

கொரோனா வந்து பள்ளிக்கூடங்களை மூடியதும் வேன் சும்மா நின்றது. இறந்தவர்களை ஊருக்குக் கொண்டுபோக வண்டி கிடைக்கவில்லை, வருகிறாயா என்று ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் கேட்டார்கள். மனைவி ஜெசிந்தா வேண்டாம் என்று அழுதாள். அவர் சீட்டுகளைக் கழற்றி மாடியில் போட்டுவிட்டுப் போனார். பள்ளிகள் மறுபடி திறந்தபோது, அந்த வேனில் பிள்ளைகளை அனுப்ப யாருக்கும் மனம் வரவில்லை. அவரும் யாரையும் போய்க் கேட்கவில்லை. வேனின் இரண்டு பக்கமும் நீல எழுத்தில் ‘அமரர் ஊர்தி’ என்று எழுதி, கீழே ஃபோன் நம்பரைப் போட்டுக்கொண்டார்.

எழுத்து வந்த பிறகுதான் வண்டி தெருவின் கண்ணை உறுத்தத் தொடங்கியது.

முதலில் வந்து சொன்னவர் கவியரசன். உரக்கடை வைத்திருந்தவர், கடையை மகனிடம் விட்டுவிட்டு வீட்டுக்கு மேலே மாடி எடுத்து வாடகைக்கு விடப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“வீடு பாக்க வர்றவனெல்லாம் ஒன் வண்டியப் பாத்துட்டு அப்படியே திரும்பிப் போறான் செல்வம். வேற எங்கிட்டாவது நிப்பாட்டக் கூடாதா?”

“எங்கிட்டு நிப்பாட்டச் சொல்றீங்கண்ணே? ரோட்டுல விட்டா பேட்டரியக் கழட்டிட்டுப் போயிடுவான். கூப்புட்டா ஒடனே போகணும். சாவுக்கு முன்னப்பின்ன சொல்லிட்டா கூப்புடுறாங்க?”

வண்டியின் மேல் தார்ப்பாயைப் போட்டு எழுத்தை மறைத்தார். அதுவும் ஆகவில்லை. மூடி வைத்த பிறகு இன்னும் பயமாக இருக்கிறது என்று பக்கத்து வீட்டுத் திலகவதி சொன்னாள். ஒருநாள் பின்சக்கரத்தில் யாரோ காற்றைப் பிடுங்கிவிட்டிருந்தார்கள். இன்னொரு நாள் முன்கண்ணாடியில் குங்குமம் தடவிய எலுமிச்சம்பழம் இருந்தது. அதை எடுத்துச் சாக்கடையில் போட்டுவிட்டு வண்டியைக் கழுவினார். உள்ளுக்குள் அவருக்கு வீம்பு ஏறிவிட்டது. நம் வீட்டு வாசலில் நம் வண்டி நிற்கக்கூடாதா என்று ஜெசிந்தாவிடம் திரும்பத் திரும்பச் சொன்னார்.

அவர் வீட்டுக்கு நேர் எதிர் வீடு அழகம்மாளுடையது. அந்த வீட்டிலிருந்து மட்டும் வண்டியைப் பற்றி ஒரு சொல் வந்ததில்லை. கணவரை இளம் வயதிலேயே இழந்து, வல்லத்திராக்கோட்டையில் இருந்த நிலத்தைத் தம்பி நாகராசு பார்த்துக்கொள்ள, ஒரே மகன் அருண்குமாரைப் படிக்க வைப்பதற்காக டவுனுக்கு வந்தவள். அருண் டிப்ளமோ முடித்துவிட்டு சவூதிக்கு வேலைக்குப் போனான். லீவில் வந்து சரண்யாவைக் கல்யாணம் செய்துகொண்டு, சில வாரங்களிலேயே திரும்பிப் போனவன். மரியசெல்வத்தைச் சின்ன வயதிலிருந்தே சித்தப்பா என்றுதான் கூப்பிடுவான். ஃபோன் பேசும்போதெல்லாம், “சித்தப்பா, அம்மாவ ஒரு எட்டுப் பாத்துக்கங்க” என்று சொல்லாமல் வைக்க மாட்டான்.

ஒரு காலையில், அறையில் படுத்திருந்த அருண் எழுந்திருக்கவில்லை என்று அங்கிருந்து செய்தி வந்தது. அதன் பிறகு உடல் வந்து சேர வெகுநாளானது. எந்த நாள் வரும் என்று சொல்ல முடியாமல் நாகராசு அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினார். கடைசியில் திருச்சி ஏர்போர்ட்டுக்குப் பெட்டி வருகிறது என்றதும், வேறு வண்டி எதற்கு என்று மரியசெல்வமே கிளம்பினார். மாத்தூர், கீரனூர் வழியாக அவனைக் கொண்டுவந்தார்.

பெட்டியை வீட்டில் திறக்கவில்லை. ரொம்ப நாளாகிவிட்டது, பெண்கள் பார்க்க வேண்டாம் என்று நாகராசு உறுதியாகச் சொல்லிவிட்டார். அழகம்மாள் மரப்பலகையைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒருமணி நேரம்கூட வைக்காமல் சுடுகாட்டுக்கு எடுத்துப் போய்விட்டார்கள்.

காரியம் முடிந்து கொஞ்ச நாள் தெரு அமைதியாக இருந்தது. பிறகு கவியரசன் வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கி, போலீஸ் ஸ்டேஷனில் மனுக் கொடுத்தார். மரியசெல்வத்தைக் கூப்பிட்டார்கள். ஸ்டேஷனில் கவியரசனைப் பார்த்ததும் இத்தனை நாள் அடக்கி வைத்திருந்தது வெடித்துவிட்டது.

“அண்ணே, ஒங்க மச்சினரு கொரோனாவுல எறந்தப்ப ஒங்க சொந்தக்காரங்க அம்புட்டுப் பேரும் தெருமுக்குலயே நின்னுட்டாங்க. உள்ள வந்தது நானும் இந்த வண்டியுந்தான். அன்னைக்கி என் கையப் புடிச்சுக்கிட்டு அழுதீங்க. இன்னைக்கி வண்டி ஆகாமப் போச்சா?”

இன்ஸ்பெக்டர் இரண்டு பேரையும் உட்கார வைத்து, வண்டி யாருக்கும் வழியை மறிக்கவில்லை, அவர் வீட்டு ஓரமாகத்தான் நிற்கிறது, அக்கம்பக்கத்தில் அனுசரித்துப் போங்கள் என்று அனுப்பிவிட்டார். மரியசெல்வம் ஜெயித்த தோரணையில் தெருவுக்குள் வந்தார். தார்ப்பாயைச் சுருட்டி எறிந்துவிட்டு, எழுத்துப் பளிச்சென்று தெரியும்படி வண்டியைத் துடைத்து நிறுத்தினார்.

அன்று சாயங்காலம் சரண்யா வந்தாள். வீட்டுக்குள் வராமல் வாசலிலேயே நின்றாள்.

“மாமா, தப்பா நெனைக்காதீங்க. நாங்க யாரும் மனுவுல கையெழுத்துப் போடல.”

“தெரியும்மா. ஒங்க வீட்டுப் பேரு அதுல இல்லைன்னு பாத்தேன்.”

“அத்தை முன்வாசக் கதவத் தொறக்குறதே இல்ல மாமா. எங்க வீட்டுக்காரரு காரியம் முடிஞ்சதுல இருந்து கொல்லப்பக்கமாத்தான் போறாங்க, வாராங்க. கதவத் தொறந்தா வண்டிதான் மொதல்ல தெரியுது.”

மரியசெல்வம் எதிர்வீட்டைப் பார்த்தார். மூடிய கதவை அவர் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். துக்க வீடு, அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துவிட்டார். தெரு முழுக்கச் சண்டை போட்டபோது, சண்டைக்கு வராத அந்த ஒரு வீட்டை அவர் யோசிக்கவே இல்லை.

மறுநாள் விடிந்ததும் வண்டியை எடுத்தார். மெயின் ரோட்டில் மூடிக் கிடக்கும் ரைஸ்மில் முதலாளியிடம் கேட்டு, அதன் களத்தில் கொண்டுபோய் விட்டார். நடந்து திரும்பும்போது கவியரசன் எதிரே வந்து, “நல்ல முடிவு செல்வம். அக்கம்பக்கத்துல இப்படித்தான் இருக்கணும்” என்றார். மரியசெல்வம் நிற்காமல் நடந்தார்.

இரண்டு நாள் கழித்து அழகம்மாள் கூப்பிட்டு அனுப்பினாள். கொல்லைப்புறமாகப் போனார். அவள் சமையற்கட்டில் தரையில் உட்கார்ந்திருந்தாள். ஆள் பாதியாக இளைத்துப் போயிருந்தாள். சரண்யா கதவோரம் நின்றாள். அவள் கழுத்தில் தாலி இருந்தது. அதைக் கழற்றுவதற்கு அழகம்மாள் விடவில்லை என்று உறவில் எல்லோரும் முணுமுணுத்தது மரியசெல்வத்துக்கும் தெரியும்.

“வண்டி எங்கப்பா?”

“ரைஸ்மில்லுல விட்டுருக்கேங்க்கா. இனிமே இங்கிட்டு வராது. ஒங்களுக்கு இவ்வளவு கஷ்டமா இருக்கும்னு எனக்குத் தெரியாமப் போச்சு.”

“நின்னா எம்புள்ள வந்த வண்டின்னு இருக்கும். இப்ப நிக்கல, இன்னைக்கி எந்த வீட்டுக்குப் போயிருக்கோன்னு இருக்கு. எல்லாம் ஒன்னுதான்.” முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “ஒன்கிட்ட ஒன்னு கேக்கணும்ப்பா. வண்டியப் பாக்கும்போதெல்லாம் வந்து கேக்கணும்னு வரும். கேட்டுருவேனோன்னு பயந்துதான் கதவையே தொறக்கல.”

“கேளுங்கக்கா.”

“அந்தப் பெட்டியில வந்தது அருணுதானா?”

மரியசெல்வம் அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார்.

“பெட்டி மாறி வர்றது உண்டாமே? மணமேல்குடிப் பக்கம் ஒரு வீட்டுக்கு வேற ஆளோட பெட்டி வந்துருச்சுன்னு துட்டி கேக்க வந்தவ ஒருத்தி சொன்னா. நான்தான் பாக்கலையே. என் தம்பியும் பாக்கலைன்னுதான் சொல்றான். அங்கன ஆஸ்பத்திரியில எங்கயாவது பேச்சு மூச்சு இல்லாமக் கெடக்குறானோ என்னமோ.”

நாகராசு பொய் சொல்லியிருந்தார். சுடுகாட்டில் பெட்டியைத் திறந்தது அவரும் மரியசெல்வமும்தான். மற்றவர்களைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு இரண்டு பேரும் பார்த்தார்கள். அக்காவிடம் மூச்சு விடக்கூடாது என்று நாகராசு அங்கேயே சத்தியம் வாங்கிக்கொண்டார். இப்போதும் ‘நான் பாக்கலைக்கா’ என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடலாம். அழகம்மாள் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பதிலைத்தான் அவள் எதிர்பார்க்கிறாள் என்று அவருக்குப் புரிந்தது. நிமிர்ந்தபோது சரண்யாவும் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பாத்தேங்க்கா” என்றார். “நானும் ஒங்க தம்பியும்தான் தொறந்தோம்.”

“எப்படி இருந்தான்?”

“மொகம் கறுத்துப்போயிருந்துச்சு. தாடி வளத்திருந்தான். எடது புருவத்துல தையல் போட்ட தழும்பு இருக்குமே, சின்னதுல தொட்டியில விழுந்தது, அது நல்லாத் தெரிஞ்சுச்சு. அருணுதாங்க்கா.”

அழகம்மாள் தன் இடது புருவத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். “அன்னைக்கி நான்தான் அவன் ரெண்டு காலையும் அமுக்கிப் புடிச்சுக்கிட்டேன். டாக்டரு ஊசியக் குத்துனதும் அம்மா அம்மான்னு கத்துனான்” என்றாள். அவள் அழுத அழுகையைக் கேட்டுத் திலகவதியும் இன்னும் இரண்டு பெண்களும் ஓடிவந்தார்கள். மகன் செத்த அன்றுகூட அவள் இப்படி அழவில்லை என்று பிறகு பேசிக்கொண்டார்கள். மரியசெல்வம் யாருக்கும் தெரியாமல் வெளியே வந்து, வீட்டுக்குப் போகாமல் ரைஸ்மில் களத்தில் போய் வண்டிக்குள் உட்கார்ந்துகொண்டார்.

விஷயம் தெரிந்து நாகராசு வந்து சத்தம் போட்டார். “செத்தவனத் திரும்பவும் சாகடிச்சுட்டீங்களேய்யா! அக்கா அந்த நெனப்புலயாவது கெடந்துட்டுப் போயிருக்குமே!”

அந்த மாதத்திலேயே அழகம்மாள் இலுப்பூரில் இருக்கும் சரண்யாவின் அப்பாவைக் கூப்பிட்டுவிட்டாள். பெண்ணை அழைத்துப் போங்கள், நல்ல இடம் வந்தால் யோசிக்காமல் கட்டிக் கொடுங்கள், நானே வந்து நிற்கிறேன் என்று சொல்லி அனுப்பினாள். மருமகளின் தாலியைத் தன் கையாலேயே கழற்றினாள். சரண்யா அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டு போக மாட்டேன் என்றாள். கடைசியில் ஆட்டோவில் ஏற்றிவிட வேண்டியிருந்தது. இப்போது இலுப்பூரில் ஒரு துணிக்கடையில் கணக்கெழுதப் போய்வருகிறாள் என்று கேள்வி.

எதிர்வீட்டு முன்கதவு இப்போது தினமும் திறக்கிறது. அழகம்மாள் வாசலைக் கூட்டித் தண்ணீர் தெளிக்கிறாள், திலகவதியோடு நின்று பேசுகிறாள். மரியசெல்வத்தோடு மட்டும் பேசுவதில்லை. அவர் மோட்டார் சைக்கிள் தெருவுக்குள் வரும் சத்தம் கேட்டதும் துடைப்பத்தைப் போட்டுவிட்டு உள்ளே போய்விடுகிறாள். கோபம் என்று சொல்ல முடியாது. அவர் முகத்தைப் பார்க்க அவளால் முடியவில்லை, அவ்வளவுதான். ஒருமுறை அவராகவே, “அக்கா, மருந்து ஏதும் வாங்கணுமா?” என்று கேட்டுப் பார்த்தார். அவள் திரும்பாமலே தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டாள்.

கவியரசன் மாடிக்கு ஒரு வங்கி ஊழியர் குடும்பம் குடிவந்துவிட்டது. வண்டி நின்ற இடத்தில் அவர்களுடைய கார் நிற்கிறது.

ஜெசிந்தாவுக்குத்தான் ஆறவில்லை. “அவுங்களுக்காக வண்டியத் தூக்குனீங்க. அவுங்களே மொகம் குடுத்துப் பேச மாட்டேங்குறாங்க. பாக்கலைன்னு ஒரு வார்த்த சொல்லிருந்தா என்ன கொறஞ்சு போயிருக்கும்?”

“சொல்லிருப்பேன்” என்றார் மரியசெல்வம். “அந்தப் புள்ள சரண்யா நின்னுக்கிட்டிருந்துச்சு.”