சூப்பர்வைசர் சேவலா, பெட்டையா?

முட்டைக்கோழி வளர்க்கிற தொழிலில் இறங்கிப் பாருங்கள், அக்கம்பக்கத்தில் ஒருவர் பாக்கியில்லாமல் கோழி நிபுணராகிவிடுவார்கள். சந்தாபுராவில் வீட்டுக்குப் பின்னால் முப்பது கோழி வைத்திருக்கிறேன். என்னைப்போல் மாட்டிக்கொண்டவர்களுக்கு நான் படும் பாடு புரியும்.

மேலே ஏறி நின்றது

முப்பதும் பெட்டை என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். ஆறேழு மாதத்தில் ஒரு கறுப்புக் கோழிக்கு மட்டும் கொண்டை சிவந்து நிமிர்ந்தது, காலில் முள் முளைத்தது. ஒருநாள் காலையில் தண்ணீர்த்தொட்டி மேல் ஏறிக் கூவியே விட்டது. தொண்டை கட்டின குரல்தான், ஆனாலும் கூவல் கூவல்தானே. பூனை வந்தால் முதல் ஆளாகப் பாய்வது அதுதான் என்பதால் எனக்கு அதன்மேல் தனிப் பிரியம்.

பொம்மசந்திராவில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிற என் வீட்டுக்காரர், பல் தேய்த்துக்கொண்டே அதைப் பார்த்தார். "மத்ததெல்லாம் வேலை செய்யுது, இது மேல ஏறி நின்னு கத்துது. எங்க சூப்பர்வைசரேதான்."

ஆனந்தின் அம்மா

ஆனந்த், அபார்ட்மென்ட்டிலிருந்து வாராவாரம் முட்டை வாங்க வருகிற ஐ.டி. பையன். அவன் அம்மா சுத்த சைவம். சேவலே இல்லாத இடத்து முட்டையில் உயிர் கிடையாது என்று மாதக்கணக்கில் பேசி அவரைச் சம்மதிக்க வைத்திருந்தான்.

அன்றைக்கு முட்டையைப் பையில் வைக்கும்போது பார்த்து சூப்பர்வைசர் ஒரு குரல் கொடுத்தது. ஆனந்தின் முகம் தொங்கிப்போனது. "அக்கா, எங்கம்மா ஆம்லெட் சாப்பிட ஆரம்பிச்சே மூணு வாரந்தான் ஆகுது. இப்ப நான் என்ன சொல்றது?"

இரண்டரை விரல்

எதிர்வீட்டு ரத்னம்மா ஆனேக்கல் பக்கம் கோழிகளோடு வளர்ந்தவர். சூப்பர்வைசரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பின்புறத்து எலும்புகளுக்கு நடுவே விரலை வைத்து அளந்தார். முட்டையிடுகிற கோழிக்கு மூன்று விரல் நுழையுமாம். இதற்கு இரண்டரை. முதுகு இறகைப் பிரித்தார். சேவலுக்கு அது ஊசியாக இருக்கும், இதற்கு மழுங்கலாக இருந்தது.

சேவல் என்று முடிவானால் கறிக்கடைக்குத்தான் போகும். வாழ்வா சாவா என்கிற கேள்விக்கு அரை விரல் இடிக்கிறதே! ரத்னம்மா கோழியைக் கீழே விட்டுக் கை கழுவிக்கொண்டே கன்னடம் கலந்த தமிழில் சொன்னார். "சும்னே கொண்டையப் பாத்து முடிவு பண்ணாதே செல்வி. தனியா அடைச்சு வை, முட்டை வந்தா பொட்டை."

முனீஸ்வரனுக்கு நேர்ந்தது

இதற்குள் விஷயம் நகரத்துக்குள் அல்சூர் வரை போய்விட்டது. அங்கிருந்து ஆட்டோ ஓட்டுகிற தேவராஜ், மகளின் காய்ச்சல் குணமானால் முனீஸ்வரனுக்குக் கறுப்புச் சேவல் தருவதாக வேண்டிக்கொண்டவர். மகள் தேறிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை வருவதாகப் போனில் சொன்னார். சேவலாக இருந்தால் கொண்டுபோங்கள் என்று ஒப்புக்கொண்டேன். முனீஸ்வரனுக்குப் பெட்டை ஆகாது என்பது அவருக்கும் தெரியும்.

வியாழன் முதல் சூப்பர்வைசரைத் தனிக்கூண்டில் அடைத்தேன். மூன்று நாளும் கூவல் வந்தது, முட்டை வரவில்லை. ஞாயிறு காலை மாலையும் மஞ்சளுமாக ஆட்டோ வந்து நின்றபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. கூண்டைத் திறந்து கையை விட்டேன். அது நழுவிக்கொண்டு ஓடியது. மற்ற கோழிகளிடம் போகவில்லை. நேராகப் பின்சுவரோரம் நிறுத்திவைத்திருந்த பழைய ஏர்கூலருக்குள் புகுந்து உட்கார்ந்துகொண்டது. பிடிக்கப் போன தேவராஜைக் கொத்தியது. கொஞ்ச நேரத்தில் கொக்கரித்துக்கொண்டே வெளியே வந்தது.

தேவராஜ் குனிந்து உள்ளே பார்த்தார். பத்து முட்டை. ஒன்று இன்னும் சூடாக இருந்தது. இத்தனை நாளும் அது வேலையை ஒளித்துச் செய்திருக்கிறது. கூண்டில் அடைத்தோமே, கோபத்தில் நிறுத்திவைத்திருக்கிறது. தேவராஜ் மாலையைத் தோளில் போட்டுக்கொண்டார். "அக்கா, நான் சந்தையில வேற சேவல் பாத்துக்கறேன். பிரசவமான உடம்பு, இதை வெயில்ல விடாதீங்க."

தனி ஆர்டர்

ஆனந்துக்கு நடந்ததையெல்லாம் சொன்னேன். சாயங்காலமே திரும்ப வந்தான். "அக்கா, அந்தக் கூவுற கோழியோட முட்டைய மட்டும் தனியா எடுத்து வைப்பீங்களான்னு அம்மா கேக்கறாங்க. தானே சேவலா நிக்கிற கோழிகிட்ட வேற சேவல் வராதாம்."

காலையில் கூவிவிட்டு மதியத்துக்குள் முட்டையும் போட்டுவிடுகிற சூப்பர்வைசர் ஒன்று தங்கள் கம்பெனிக்கும் கிடைக்காதா என்பதுதான் இப்போது என் வீட்டுக்காரரின் ஒரே ஏக்கம்.